தடைக்காலத்தில் வலை பார்ப்பது போல: ஆண்டவருக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்துக்காரி. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். 2012இல் நர்சிங் முடித்தேன். அதன் பிறகு வேலைக்கு ஏழு வருடம் காத்திருந்தேன். கல்யாணத்துக்கு ஐந்து வருடம். இப்போது குழந்தைக்காக நான்காவது வருடம்.

வேலைக்குக் காத்திருந்த ஏழு வருடத்தில் முதல் நான்கு வருடத்தை வீணாக்கினேன். செபிக்காமல் இருக்கவில்லை. நவநாள் சொன்னேன், வேளாங்கண்ணிக்கு நடந்தேன், புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய ஓரியூர் போய்ச் செம்மண் எடுத்து வந்து தலையணைக்கு அடியில் வைத்தேன். ஆனால் 2016இல் ஒரு நல்ல நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது என் நர்சிங் கவுன்சில் பதிவு புதுப்பிக்காமல் கிடந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. பத்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். பத்து நாளில் ஒன்றும் சரிசெய்ய முடியவில்லை. நாலு வருடமாகத் தட்டிய கதவு திறந்தது, உள்ளே போக என்னிடம் செருப்பு இல்லை என்பது போல ஆகிவிட்டது.

அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். வேலை, கல்யாணம், குழந்தை, துறவற அழைத்தல், கடன் அடைவது என்று எதற்காகக் காத்திருந்தாலும் இதில் பாதியாவது உங்களுக்குப் பொருந்தும். நான் கத்தோலிக்கச் சபை. சொற்கள் அப்படித்தான் வரும். மற்ற சபையார் உங்கள் வழக்கப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில், எந்த மாதிரிக் காத்திருப்பு என்று பிரியுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதி. அதன் கீழே, நீங்கள் ஆண்டவரிடம் கேட்பதை ஒரே வரியில் எழுதுங்கள். "நல்லது நடக்கணும்" என்று எழுதாதீர்கள். "ராமநாதபுரத்திலோ மதுரையிலோ நிரந்தர நர்ஸ் வேலை" என்று எழுதுங்கள். ஒரு வரியில் எழுத வரவில்லை என்றால் என்ன கேட்கிறோம் என்றே நமக்குத் தெரியவில்லை என்று பொருள். எனக்கு அந்த வரி வர மூன்று நாள் ஆனது.

அடுத்து, கதவு எதனால் மூடியிருக்கிறது என்று பாருங்கள். காலம் வராததால் மூடியிருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. யார் அழுதாலும் போகாது, ஏனென்றால் அது மீன் குஞ்சு பொரிக்கும் காலம். தேர்வு அறிவிப்பு, விடுமுறை முடிவது, சட்டப்படி வயது ஆவது எல்லாம் இந்த வகை. இரண்டாவது, நம் கையில் குறை இருப்பதால் மூடியிருக்கலாம்: ஆவணம் இல்லை, பயிற்சி இல்லை, கடன் தீரவில்லை. மூன்றாவது, இன்னொருவர் மனம் மாற வேண்டியது.

என் காத்திருப்பு இரண்டாவது வகை. நான் அதை முதல் வகை என்று நினைத்து நான்கு வருடம் "ஆண்டவருடைய நேரம் இன்னும் வரல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்டவருடைய நேரம் வந்தது. நான் வரவில்லை. இந்தத் தவறுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது, அதனால் இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

2. ஓட்டையை வெட்டிப் பெரிதாக்குங்கள், பிறகு கட்டுங்கள்

2017 தடைக்காலத்தில் ஒரு நாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு, கரையில் வலை வைக்கும் கொட்டகையான வாடிக்குப் போனேன். மணலில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையின் ஓரத்தை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தார். வலையில் ஒரு கையளவு ஓட்டை. ஊசியை எடுக்காமல் முதலில் கத்தியை எடுத்தார். அறுந்து தொங்கிய நூலையெல்லாம் அறுத்து எறிந்தார். பக்கத்தில் முழுசாய் இருந்த கண்ணிகளையும் இரண்டு மூன்று வெட்டினார். கையளவு ஓட்டை முறத்தளவு ஆனது.

"ஏம்ப்பா நல்லா இருக்கறதையும் வெட்டுறீங்க?"

"பாக்கத்தான் நல்லா இருக்கு தாயி. இழுத்துப் பாரு, நூலு நைஞ்சு போயிருக்கு. இதுல முடிச்சுப் போட்டா முத இழுவையிலயே பிரிஞ்சுரும். கெட்டியான கண்ணு வர்ற வரைக்கும் வெட்டிட்டுத்தான் கட்டணும்."

வீட்டுக்கு வந்து மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். இயேசு கூப்பிட்டபோது செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் படகில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த யாக்கோபுதான் நம் ஊர் சந்தியாகப்பர். ஜூலை மாதம் திருவிழா எடுக்கிறோம், கொடி ஏற்றுகிறோம், ஆனால் அழைப்பு வந்த நேரத்தில் அவர் கையில் என்ன இருந்தது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

நோட்டின் இரண்டாவது பக்கத்தில் உங்கள் நைந்த நூல்களை எழுதுங்கள். என் பக்கத்தில் இருந்தவை: பயோடேட்டாவில் எழுதிய பொய் அனுபவம் ஆறு மாதம். அக்காவிடம் வாங்கித் திருப்பாத பணம். கூடப் படித்தவளுக்கு விசா கிடைத்த நாளிலிருந்து அவளோடு பேசாதது. இவற்றைச் சரிசெய்யாமல் மேலே ஒரு வேலையைக் கட்டியிருந்தால் அது எந்த இழுவையில் பிரிந்திருக்குமோ! ஒப்புரவு அருள்சாதனத்துக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றாக நேரில் போய்ச் சரிசெய்யுங்கள். அக்கா கணக்கைத் தீர்க்க எனக்குப் பதினான்கு மாதம் ஆனது, மாதம் ஐந்நூறு வீதம்.

இந்தப் படி வலிக்கும். வெட்டும்போது நிலைமை முன்னைவிட மோசமான மாதிரிதான் தெரியும்.

3. ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

எரேமியா 32ஆம் அதிகாரத்தைக் கட்டாயம் படியுங்கள். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அனத்தோத்தில் ஒரு நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கச் சொல்கிறார் ஆண்டவர். எரேமியா வெள்ளியை எடைபோட்டுக் கொடுக்கிறார், சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிறார், முத்திரையிட்ட பத்திரத்தையும் முத்திரையிடாத நகலையும் பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அசல் ஒன்று, நகல் ஒன்று, பாதுகாப்பான இடம், சாட்சிகள். நம்பிக்கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அந்த அதிகாரம் காட்டியது.

நம் வீடுகளில் மண்பாண்டத்துக்குப் பதில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கோப்பு போதும். கடல் காற்றில் காகிதம் ஈரம் பூத்துவிடும், லேமினேஷனும் ஓரத்தில் பிரியும். அதனால் ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு, ஸ்கேன் எடுத்து மெயிலிலும் வையுங்கள்.

எல்லாருக்கும் வேண்டியவை: ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை. சாதி, வருமானச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும், அதனால் தேவைப்படும் நேரத்தை ஒட்டி வாங்குங்கள். வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள் என்றால் அந்தச் சான்றிதழையும் வாங்குங்கள். தமிழ் வழியில் படித்திருந்தால் அதற்கான சான்றிதழைப் பள்ளியிலேயே கேளுங்கள். அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது.

வேலைக்குக் காத்திருப்பவர்கள்: வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து வருடம் செல்லும். சாதாரண பாஸ்போர்ட் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், பெரியவர்களுக்குப் பத்து வருடம். தத்கால் என்றால் மேலே 2,000. காலாவதிக்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், கடைசி மாதம் வரை விடாதீர்கள். நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது.

நம் கரையில் எல்லாரையும் வீழ்த்தும் ஒரு பொறி, பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் இனிஷியலை விரித்து ஒரு பெயர். அப்பா பெயர் "அந்தோணி" ஓரிடத்தில், "அந்தோனி" ஓரிடத்தில், ஆங்கில எழுத்தில் அதுவே மூன்று விதம். எல்லா ஆவணத்தையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பென்சிலால் தொட்டுப் பாருங்கள். என் பாஸ்போர்ட்டில் மாறியிருந்த அந்த ஓர் எழுத்து எனக்கு ஒரு வேலையின் விலை ஆனது.

கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்கள்: ஞானஸ்நானச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்பார்கள், எனவே அதை முன்கூட்டியே வாங்கிச் சேர்க்க வேண்டாம். ஆனால் பதிவேட்டில் பெயரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பங்கு அலுவலகத்தில் பார்த்துவிடுங்கள். உறுதிபூசுதல் சான்றிதழும் வேண்டும். திருமணத் தயாரிப்புப் பயிற்சி மறைமாவட்டத்தில் எப்போதெல்லாம் நடக்கிறது என்று பங்குச் சாமியிடம் கேட்டு வையுங்கள். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும் என்பதையும், தவக்காலத்தையும் கணக்கில் வைத்துத்தான் தேதி பார்க்க முடியும்.

4. பணம் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது

நேர்காணல் கைவிட்டுப் போன அதே வருடம் ஒரு ஏஜென்டிடம் ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுத்தேன். அம்மாவின் சங்கிலியும் இரண்டு வளையலும் அடகுக்குப் போயின. ரசீது கேட்டதற்கு "கிறிஸ்தவங்க நமக்குள்ள எதுக்கும்மா ரசீது" என்றார். பேசும்போதெல்லாம் "ஆண்டவர் சித்தம்" என்பார். மூன்றாவது மாதம் அந்த போன் எடுக்கப்படவில்லை. அம்மாவின் வளையல் இன்றுவரை திரும்பவில்லை, அதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

எனவே நான்கு விதிகள் சொல்கிறேன்.

வெளிநாட்டு வேலைக்கு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண் உள்ள ஏஜென்ட் தவிர யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். சட்டப்படி அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே பதியுங்கள்.

தீர்க்கதரிசனம் சொல்லப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். "ஐயாயிரம் விதைத்தால் மூன்று மாதத்தில் கதவு திறக்கும்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்காக உண்மையில் செபிப்பவர் உங்கள் பையைப் பார்க்க மாட்டார்.

பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன், செய்வது நல்லது. ஆனால் கடன் வாங்கிப் பொருத்தனை செலுத்தாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் வட்டிக்கு வாங்கிச் சப்பரம் எடுத்தது. அந்த வட்டியையே இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்களால் முடிந்தது ஒரு மெழுகுத்திரி என்றால் ஒரு மெழுகுத்திரி. ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசை இயேசு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல மாதத்தில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். இது நம் மக்களுக்குப் பழக்கம்தானே. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம் 1,500 கட்டினால் அரசுப் பங்கும் சேர்ந்து 4,500 ஆக மீன் குறைந்த மாதங்களில் வருகிறது. தடைக்காலத்துக்குத் தனியாக 8,000 நிவாரணம் இருக்கிறது. காத்திருப்புக்கும் அப்படி ஓர் உண்டியல் வேண்டும். மாதம் முந்நூறு ரூபாய் போட்டேன். டயாலிசிஸ் பயிற்சிக்குப் போக வர பஸ் காசு அதிலிருந்துதான் வந்தது.

5. 61 நாள் கணக்கு

எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. யோசேப்பை விற்றபோது அவருக்கு வயது 17, பார்வோன் முன் நின்றபோது 30. பதின்மூன்று வருடம். மோசே மிதியானில் ஆடு மேய்த்தது நாற்பது வருடம். அதை அப்படியே நம் தலையில் ஏற்றினால் தாங்காது. நான் 61 நாளாகப் பிரித்துக்கொண்டேன். ஒரு தடைக்கால அளவு. 61 நாளுக்கு ஒரு வேலை, ஒரு வாசகம், ஒரு செபம். முடிந்ததும் நோட்டைப் பார்த்து அடுத்த 61.

வேலை என்பது ஒரே ஒரு திறமை. எனக்கு டயாலிசிஸ். ராமநாதபுரத்தில் ஒரு சிறு மருத்துவமனையில் சம்பளம் இல்லாமல் வாரம் மூன்று நாள் நின்று கற்றேன். விசைப்படகு வாரம் மூன்று நாள் போகிற மாதிரி என்று அப்பா சொல்வார். மீதி நாட்களில் வீட்டு வேலையும் கருவாடு காய வைப்பதும். நீங்கள் தட்டச்சு கற்கலாம், தையல், படகு எஞ்சின் வேலை, கணக்கு மென்பொருள், எதுவானாலும் ஒன்று போதும். இரண்டு எடுத்தால் இரண்டும் பாதியில் நிற்கும்.

வாசகத்துக்கு இந்த வரிசை எனக்கு உதவியது: தொடக்க நூல் 37, 39 முதல் 41 வரை, ரூத்து நான்கு அதிகாரமும், 1 சாமுவேல் 1, 13, 24, 26, எரேமியா 29, 32, லூக்கா 2, யோவான் 21. திருப்பாடல்களில் 13, 27, 37, 130. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரத்துக்கு மேல் வேண்டாம், படித்ததையே மறுபடி படியுங்கள். 130ஆம் திருப்பாடலில் விடியலுக்காகக் காத்திருக்கும் காவலர் வருகிறார் அல்லவா, அதை ராத்திரி ட்யூட்டி பார்த்தவர்கள் நன்றாக உணர்வார்கள். மணி மூன்றுக்கு மேல் நிமிடம் நகராது. ஆனால் விடியாமல் இருந்த ராத்திரி ஒன்று கூடக் கிடையாது.

செபத்துக்கு விடியற்காலை ஐந்து மணி. நீண்டு சொல்ல வேண்டியதில்லை. "நெஞ்சே! ஆண்டவருக்காகக் காத்திரு" என்ற ஒரு வரியைப் பத்து நிமிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், 13ஆம் திருப்பாடல் எழுதியவரும் எத்தனை நாள் என்றுதான் கேட்டார். ஞாயிறு திருப்பலியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். கேள்வி கேட்பார்களே என்று பயந்து நான் எட்டு மாதம் பின்வாசலில் நின்று பாதியில் போனேன், அந்த எட்டு மாதம்தான் எனக்கு மிக இருட்டு.

ஒன்றும் நகரவில்லையே என்று தோன்றும் நாட்கள் வரும். 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய தூக்குப்பாலம் திறந்தார்கள். நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் மண்டபத்தில் இறங்கி பஸ் மாறினோம். மேல்பாலத்தில் பஸ் போகும்போது எட்டிப் பார்ப்பேன். மாதக்கணக்கில் ஒரே மாதிரிதான் தெரியும். தண்ணீருக்குக் கீழே தூண் இறக்கும் வேலை பஸ் ஜன்னலுக்குத் தெரிவதில்லை.

6. ஏழாம் நாள் சோதனை

குறுக்குவழி பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வரும். சவுல் அரசரைச் சாமுவேல் ஏழு நாள் காத்திருக்கச் சொன்னார். சவுலும் ஏழு நாள் காத்திருந்தார். வீரர்கள் ஒவ்வொருவராய் நழுவினார்கள், பெலிஸ்தியர் எதிரே கூடினார்கள். பொறுக்க முடியாமல், சாமுவேல் வந்து கொடுக்க வேண்டிய பலியைச் சவுல் தானே கொடுத்தார். கொடுத்து முடித்த உடனே சாமுவேல் வந்து நிற்கிறார். இன்னும் கொஞ்ச நேரம்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

ஆபிரகாமுக்கும் அப்படித்தான். 75 வயதில் வாக்குறுதி, 100 வயதில் ஈசாக்கு. நடுவில் 86ஆம் வயதில் ஆகார் வழியாக இஸ்மயேல். அவர்கள் செய்த அவசரத்துக்கு அந்தப் பணிப்பெண்ணும் பிள்ளையும் பாலைநிலத்தில் தண்ணீர் இல்லாமல் அலைந்தார்கள். நம் குறுக்குவழிக்கு விலை கொடுப்பது அநேகமாக வேறொருவர். என் குறுக்குவழிக்கு அம்மா கொடுத்தார்.

ஒரு வாய்ப்பு வந்து, இது ஆண்டவர் திறந்ததா நான் உடைப்பதா என்று சந்தேகம் வந்தால் மூன்றைப் பாருங்கள். இதற்காக ஒரு பொய்யாவது சொல்ல வேண்டியிருக்கிறதா? இதை அம்மாவிடமோ பங்குச் சாமியிடமோ மறைக்கத் தோன்றுகிறதா? "இன்னைக்கே முடிவு சொல்லணும்" என்று யாராவது அவசரப்படுத்துகிறார்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மூன்று நாள் தள்ளிப்போடுங்கள். ஏஜென்ட் விஷயத்தில் மூன்றுக்குமே ஆம்.

7. ஊர் கேட்கும் கேள்விகள்

"இன்னும் ஒண்ணும் அமையலையா?" இது சாவு வீட்டிலும் கேட்பார்கள், பூசை முடிந்து வாசலிலும் கேட்பார்கள். ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "செபம் பண்ணிக்கோங்க சித்தி." அதற்கு மேல் விளக்க வேண்டாம். முழு விவரம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் போதும்.

காத்திருப்பவரிடம் பேசுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "எல்லாம் ஆண்டவர் பார்த்துப்பார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு வேலை விளம்பரம் காட்டுங்கள், இ-சேவைக்குக் கூட வாருங்கள், ஒரு வேளை சாப்பாடு போடுங்கள்.

குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்கு நர்ஸாக ஒன்று சொல்கிறேன். கல்யாணமாகி ஒரு வருடம் இயல்பாக இருந்தும் தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே. கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். ஆணுக்கான விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு, ஆனால் நம் பக்கம் அதைக் கடைசியில்தான் செய்கிறார்கள். அதற்குள் அந்தப் பெண்ணை ஸ்கேன், மாத்திரை, ஊசி, மந்திரித்த கயிறு என்று எல்லாம் பார்க்க வைத்துவிடுகிறார்கள். பரிசோதனைக்குப் போவது அவநம்பிக்கை ஆகாது. 1 சாமுவேலில் பிள்ளையில்லாத அன்னா மனங்கசந்து அழுது செபித்தாள். அவளைக் குடித்திருப்பதாக நினைத்தவர் ஆலயத்துக் குருவேதான். அவளும் பயந்து பின்வாங்கவில்லை, நேராகப் பதில் சொன்னாள்.

8. ஆள் திரும்பி வரக் காத்திருப்பவர்களுக்கு

கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் கணவனோ மகனோ இருக்கிற வீடுகள் நம் கரையில் எப்போதும் உண்டு. உங்களிடம் தயாரிப்பு பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. இரண்டு காரியம் மட்டும்: மீனவர் அடையாள அட்டை, ஆதார், படகுப் பதிவு, டோக்கன் இவற்றின் நகல் கரையில் வீட்டில் இருக்கட்டும், படகில் மட்டும் இருக்கக் கூடாது. தகவல் வந்த அன்றே மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். குடும்பத்துக்குத் தினசரி உதவித்தொகை இருக்கிறது, கேளுங்கள். இரவில் தனியாக இருக்காதீர்கள். பேதுரு சிறையில் இருந்தபோது மக்கள் ஒரு வீட்டில் கூடித்தான் செபித்தார்கள். உங்கள் அன்பியத்தை, அதாவது தெருவில் கூடிச் செபிக்கும் குழுவைக் கூப்பிடுங்கள், வருவார்கள்.

9. கதவு திறக்கும் நாளில்

யோசேப்பைச் சிறையிலிருந்து விரைவாக அழைத்து வந்தார்கள். அவர் முகம் மழித்து, உடை மாற்றிக்கொண்டு பார்வோனிடம் போனார். அவ்வளவு நேரம்தான் கிடைத்தது. மதுபரிமாறுவோர் தலைவன் அவரை மறந்த பிறகும் இரண்டு வருடம் சிறையில் இருந்து, அங்கிருந்தவர்களைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

ஜூன் 14 ராத்திரி ஜெட்டிக்குப் போய்ப் பாருங்கள். ஐஸ், டீசல், தண்ணீர், அரிசி எல்லாம் ஏறியிருக்கும். வலை மடித்து வைத்திருக்கும். அப்போது யாரும் ஊசியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அழைப்பு வந்தால்: அதே நாளில் பதில் சொல்லுங்கள். கடிதத்தில் கேட்ட ஆவணங்களை அவர்கள் சொன்ன வரிசையிலேயே அடுக்குங்கள். சம்பளம், நேரம், ஒப்பந்தக் காலம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டச் சொன்னால் நான்காவது படிக்குத் திரும்பிப் போங்கள். பிறகு கோயிலுக்குப் போய் நன்றி சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட கதவு இல்லாமல் வேறு கதவும் திறக்கலாம். கேட்டது கிடைக்காமலே போகலாம், அதையும் மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே நம்பிக்கையோடு இறந்தவர்களைப் பற்றி எபிரேயர் 11 சொல்கிறது. மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டை மலைமேலிருந்து பார்த்ததோடு சரி. எனக்கு வளைகுடா நாட்டு வேலை கிடைக்கவே இல்லை. 2019 செப்டம்பரில் ஒரு சாயங்காலம் நான்கு மணிக்கு, நான் சம்பளமில்லாமல் நின்ற அந்த டயாலிசிஸ் பிரிவிலிருந்து போன் வந்தது. இருந்த நர்ஸ் ஊர் மாறிப் போகிறார், நாளைக்கே ஆள் வேண்டும், பேப்பரெல்லாம் இருக்கா என்று கேட்டார்கள். ஐந்தரைக்குள் எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பினேன். காலை ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு அப்பா என்னோடு ஸ்டாப் வரை நடந்து வந்தார். கோப்பை அவர்தான் கையில் வைத்திருந்தார், பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

அந்தக் கோப்பு இப்போதும் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. கடைசி உறையில் எங்கள் இருவருடைய பரிசோதனை முடிவுகள், தேதி வாரியாக. அடுத்த 61 நாள் வருகிற திங்கள்கிழமை தொடங்குகிறது.